மேடைக்கு வராத இளவரசர்: பேர்ணாட் ஷாவின் 'அப்பிள் வண்டி' பற்றிய ஓர் ஆய்வு

பேர்ணாட் ஷாவின் நாடகங்களைத் தரம் பிரித்து நோக்குவோர் 'அப்பிள் வண்டி' என்னும் நாடகத்தை முதல் வரிசையில் வைப்பதில்லை. 'புனித ஜோன்' நாடகத்தின் உயர்வு அதற்கில்லை. 'பிக்மேலியன்' நாடகத்தின் கட்டுக்கோப்பும் அதற்கில்லை. இரண்டு அங்கங்களும் இடையே ஒரு சிறு காட்சியும் கொண்டு, பெரும்பகுதி பேச்சாகவே நடப்பது அந்நாடகம். ஆயினும், முதலாம் உலகப் போருக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட இருபதாண்டுக் காலத்தில் அரசு, முதுமை, இளமை, வழியுரிமை ஆகியவற்றைக் குறித்து ஐரோப்பிய மக்கள் கொண்டிருந்த ஆசைகளையும் அச்சங்களையும் அறிய விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த கருவூலம் பிறிதொன்று இல்லை என்பது என் கருத்து. அந்நாடகம் கூறுவனவற்றால் மட்டுமன்று, கூறாது மறைப்பனவற்றாலும் அது பயன்தருகிறது. அம்மறைப்பைப் பற்றியதே இக்கட்டுரை.

நாடகத்தின் பெயர் ஓர் ஆங்கில வழக்கினின்றும் பிறந்தது. ஒழுங்காக அடுக்கிவைத்த பழவண்டியைக் கவிழ்த்துவிடுதல் என்றால், பிறர் வகுத்த ஏற்பாட்டை ஒரே தட்டிற் குலைத்துவிடுதல் என்பது அவ்வழக்கின் பொருள். இங்கே அடுக்கிவைப்போர் மந்திரிமார், கவிழ்ப்பவர் அரசர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நடப்பதாக ஷா கற்பனை செய்த இங்கிலாந்திலே மக்னஸ் என்னும் அரசர் ஆளுகிறார். வயது நாற்பத்தைந்து அளவில், படிப்பாளி போன்ற தோற்றம், இனிய பேச்சு. அவருடைய மந்திரிசபையோ பொறாமையும் கூச்சலும் நிறைந்த ஒரு கூட்டம். பிரதம மந்திரி புரோட்டியஸ் அவருக்கு ஓர் இறுதி எச்சரிக்கை விடுக்கிறார்: அரசர் இனி அரசியல் பற்றிப் பொதுமேடைகளிற் பேசலாகாது, பத்திரிகைகளைத் தம் கருத்துக்குக் கருவியாக்கலாகாது, சட்டங்களை மறுக்கும் உரிமை தமக்கு உண்டென்பதை வாயெடுத்தும் சொல்லலாகாது. இவற்றுக்கு இணங்காவிடின் மந்திரிசபை பதவி விலகும். அன்று மாலைக்குள் விடை வேண்டும்.

மாலையில் மக்னஸ் தரும் விடை எவரும் எதிர்பாராதது. தாம் முடி துறந்து தம் மகனுக்கு அரசை விட்டுவிடுவதாகவும், குடிமகனாகி, வின்ட்சர் தொகுதியிற் பாராளுமன்றத் தேர்தலுக்கு நிற்கப் போவதாகவும், ஒரு கட்சியையும் அமைக்கப் போவதாகவும் அவர் அறிவிக்கிறார். புதிய அரசர் தம்மையே மந்திரிசபை அமைக்க அழைத்தலும் கூடும் என்னுங் குறிப்பும் அதனுள் இருக்கிறது. அரியணையில் இருக்கும் மக்னஸைவிடத் தேர்தலில் நிற்கும் மக்னஸ் நூறு மடங்கு அபாயகரமானவர் என்று உணர்ந்த புரோட்டியஸ் எச்சரிக்கைத் தாளைக் கிழித்தெறிகிறார். வண்டி கவிழ்ந்தது, நாடகம் முடிந்தது.

இந்நாடகம் 1929 ஜூன் மாதத்தில் போலந்தின் தலைநகராகிய வார்சோவிலே, போலிஷ் மொழிபெயர்ப்பில், முதன்முதல் அரங்கேறியது. இரண்டு மாதங்களின் பின் இங்கிலாந்தில் மல்வேண் நாடகவிழாவில் நடிக்கப்பெற்றது. ஆயின் அஃது எழுதப்பட்ட காலமே நமக்கு முக்கியமாகும். 1928 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலே ஷா இதனை எழுதிக்கொண்டிருந்த வேளையிற்றான் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் கடும் நோயுற்றுப் பிழைப்பாரோ மாட்டாரோ என்னும் நிலையிலே கிடந்தார். அவருக்கு அப்போது வயது 63. கிழக்கு ஆபிரிக்காவிலே பயணஞ்செய்து கொண்டிருந்த முடிக்குரிய இளவரசர் எட்வேட் விரைந்து நாடு திரும்பினார். மன்னரின் பணிகளை ஆற்றுதற்கு ஒரு குழு நியமிக்கப்பட்டது. அடுத்த அரசர் யார் என்பதில் ஐயம் இருக்கவில்லை. அவர் எத்தகைய அரசராவார் என்பதே பேச்சாயிற்று. அதே 1928 ஆம் ஆண்டிலேதான் பிரித்தானியப் பெண்களின் வாக்குரிமை வயது 30 இலிருந்து 21 ஆகக் குறைக்கப்பட்டு ஆண்களோடு சமமாக்கப்பட்டது. அனுபவமற்ற இளம் பெண்கள் நாட்டைக் கவிழ்த்துவிடுவர் என்று பத்திரிகைகள் சில ஓலமிட்டன. (மூன்றாண்டுகளின் பின், 1931 இல், இலங்கையில் இருபாலார்க்கும் 21 வயதில் வாக்குரிமை வழங்கப்பட்டபோது இங்குள்ள பெரியோர் பலரும் ஏறக்குறைய அதே ஓலத்தை எழுப்பினர் என்பது நாம் மறக்கத்தகாத செய்தி.) ஆகவே, மேலே நோயுற்ற முதிய மன்னர், கீழே புதிதாக வாக்குப்பெற்ற இளையோர், இவ்விரண்டுக்கும் நடுவே எழுந்தது ஷாவின் நாடகம். எழுதியவருக்கு வயது 72.

ஷா திடீரென்று அரசபக்தர் ஆகிவிட்டார் என்று அன்றைய திறனாய்வாளர் பலர் வியந்தனர். ஜேர்மனியில் டிறெஸ்டன் நகரிலே இந்நாடகம் மக்களாட்சியைப் பழிப்பதெனத் தடைசெய்யப்பட்டது. இதனை ஷாவே தம் முன்னுரையிற் குறிப்பிட்டு நகைக்கிறார். ஆயின் இவ்வியப்புக்கு இடமில்லை. எட்டாண்டுகளுக்கு முன்னர், 1921 இல், அவர் வெளியிட்ட 'மெதூசலாவை நோக்கி' என்னும் ஐந்து நாடகத் தொகுதியைப் படித்தோர்க்கு மக்னஸ் புதியவர் அல்லர்.

அத்தொகுதியின் அடிப்படைக் கருத்து இது: மனிதன் அரசியலறிவு பெறுமுன் இறந்துவிடுகிறான். எழுபது எண்பது ஆண்டுகள் ஒரு நாகரிகத்தை நடத்தப் போதா. ஆகவே முந்நூறு ஆண்டுகள் வாழ மனிதன் உறுதிகொள்ள வேண்டும், உறுதிகொண்டால் வாழலாம். இதனைப் பார்ணபஸ் சகோதரர் இருவர் இரண்டு பெரிய அரசியல்வாதிகளிடம் எடுத்துரைக்கின்றனர். அவ்விருவரும் லொயிட் ஜோர்ஜையும் அஸ்குவித்தையும் உரித்துவைத்தாற் போன்ற பாத்திரங்கள். நீண்ட ஆயுள் என்றவுடன் அவர்கட்குத் தோன்றியது என்ன? அடுத்த தேர்தலுக்கு இது நல்ல முழக்கமாகும் என்பதுதான். கடைசியில் முந்நூறாண்டு வாழ்பவர்கள் அவ்வரசியல்வாதிகள் அல்லர். அக்கதையைப் பக்கத்திலிருந்து கேட்ட ஓர் இளம் பாதிரியாரும் வீட்டு வேலைக்காரியுமே. ஷாவின் நகைச்சுவை உச்சத்திலிருந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

1921 இல் ஷா உயிர்நூலின் துணைகொண்டு தேடியதையே 1929 இல் அரசியல் யாப்பின் துணைகொண்டு தேடினார் என்க. முந்நூறாண்டு வாழும் மனிதன் கிடைக்கவில்லை. ஆனால் முந்நூறாண்டு வாழும் பதவி ஒன்று உண்டு, அதுவே அரியணை. மந்திரிகள் வருவர், போவர், அரசர் இருப்பார். ஒரு மந்திரிசபை மறந்ததை அரசர் அடுத்த மந்திரிசபைக்கு நினைவூட்டுவார். வாக்குக் கேட்டு வந்தவர் அல்லராதலின் அன்றன்றைய ஆரவாரத்துக்கு அவர் அஞ்ச வேண்டியதில்லை. முதலாம் அங்கத்திலே மக்னஸ் நிகழ்த்தும் நீண்ட உரையின் சாரம் இதுவே. அவ்வுரையின் பின்னே உண்மை அனுபவம் சிறிது இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஐந்தாம் ஜோர்ஜ் தம் 25 ஆண்டு ஆட்சியில் ஐந்து பிரதம மந்திரிகளைக் கண்டவர். 1931 ஆகஸ்ட் மாதத்து நிதி நெருக்கடியின்போது தேசிய மந்திரிசபை அமைவதற்கு அவர் செய்த வற்புறுத்தல் காரணங்களுள் ஒன்று. புலமை மிக்கவர் அல்லர் அவர். தபால்முத்திரை சேர்ப்பதிலும் பறவை வேட்டையிலும் காலங்கழித்தவர். இருந்தும், நெடிது இருந்தமையாலேயே அவருக்கு ஒரு கனம் ஏற்பட்டது. 1935 மே மாதத்து வெள்ளிவிழாவில் இலண்டன் மக்கள் அவர்மீது பொழிந்த அன்பு அவரையே திகைக்கச் செய்ததாகக் கூறுவர்.

இனி, குற்றத்துக்கு வருவோம். நெடிது இருத்தலும் நன்கு அறிதலும் ஒன்றே என்று ஷா கொள்கிறார். இந்தத் துணிபுக்கு நாடகத்திலே எங்கும் சோதனை இல்லை. மக்னஸ் அறிவாளி, ஏனெனில் ஷா அவரை அறிவாளியாகப் படைத்தார். மந்திரிகள் அறிவிலிகள், ஏனெனில் ஷா அவர்களை அவ்வாறு படைத்தார். ரஷ்யச் சட்டையும் தொப்பியுமாக முழங்கிக்கொண்டு வரும் தொழிற்சங்கத் தலைவர் போவனேர்ஜஸ், அரசர் சொன்ன சில புகழ்மொழிகளைக் கேட்டவுடன் உருகிவிடுகிறார். இது நல்ல நகைச்சுவை. நல்ல வாதம் அன்று. ஒரு பக்கத்துக் காளைக்குக் கொம்பைச் சீவிவிட்டு மறுபக்கத்துக் காளைக்குக் கொம்பை அறுத்துவிட்டு நடத்தும் சண்டையில் வெற்றியைப் பற்றிப் பேசுவது வீண்.

ஷா மேடையிற் செய்யாத சோதனையை வரலாறு செய்தது. ஜேர்மனியிலே 1925 இல் குடியரசுத் தலைவராகத் தெரிவானவர் ஹிண்டன்பேர்க். அப்போது அவருக்கு வயது 77. முடியரசு வீழ்ந்து ஏழாண்டுகள் ஆகியிருந்த அந்நாட்டிலே அவர் ஒரு பதில் அரசர் போலவே மதிக்கப்பட்டார். தந்தையை இழந்த பிள்ளைகள் பாட்டனாரைப் பற்றிக்கொள்வது போல மக்கள் அவரைப் பற்றிக்கொண்டனர். 1932 இல் 84 வயதில் மீண்டும் தெரிவானார். அக்காலத்துப் பிரதம மந்திரியாகிய புறூனிங், முடியாட்சியை மீட்டு, அதற்கு இவரைக் காப்பாளராக வைக்கத் தாம் எண்ணியிருந்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அந்த முதுமை, அந்த அனுபவம், அந்தக் கனம் யாவும் சேர்ந்து 1933 ஜனவரி 30 ஆம் திகதி செய்த செயல், 43 வயதினரான ஹிட்லரை ஆட்சிக்கு அழைத்தமையாகும். 'மெதூசலாவை நோக்கி' நாடகத்துக்கு இதனினும் கொடிய மறுப்புரை எழுத எவராலும் இயலாது.

முதுமைக்கு வந்த இழுக்கு இவ்வாறாக, இளமையின் பெயரால் நடந்தவை இன்னும் மோசம். இத்தாலியப் பாசிசக் கட்சியின் கீதத்துக்கு 'இளமை' என்பதே பெயர். படைகளிலே இளைஞரைச் சேர்த்து அணிவகுக்கச் செய்வதே அரசியல் என்றாகிய காலம் அது. இங்கிலாந்தின் பத்திரிகைகளும் இளவரசர் எட்வேட்டின் இளமையை விற்றுப் பிழைத்தன. 1919 முதல் அவர் பேரரசு முழுவதும் பயணஞ்செய்தார். 1921 நவம்பரில் அவர் பம்பாயில் இறங்கியபோது காங்கிரஸ் பகிஷ்கரித்தது. நகரிலே கலகமும் மூண்டது. 1922 இல் நம் இலங்கைக்கும் வந்துபோனார். அப்போது அவருக்கு வயது 27. பதினான்கு ஆண்டுகளின் பின்னர், 41 வயதில் அவர் அரியணை ஏறியபோதும் பத்திரிகைகள் அவரை இளையவர் என்றே எழுதின. 'இளவரசர்' என்னும் நம் சொல்லே இதற்கு நல்ல விளக்கம் தருகிறது. அரசுரிமைக்குக் காத்திருப்பவர் எத்துணை வயதினராயினும் இளையவரே. காத்திருத்தல் முடியும்வரை அவருக்கு முதுமை இல்லை. ஏழாம் எட்வேட் 59 வயதுவரை இளவரசராக இருந்தார். 2022 இல் முடிபெற்ற மூன்றாம் சார்ள்ஸ் 73 வயதுவரை.

நாடகத்தின் பெருங்குறையை இப்போது சுட்டலாம். மக்னஸின் மிரட்டல் முழுவதும் ஒரு மனிதனை அச்சாகக் கொண்டு சுழல்கிறது. அம்மனிதன் அவருடைய மகனாகிய இளவரசர் ரொபேட். அவர் வந்தால் என்ன ஆகும் என்னும் கேள்வியில்லாவிடில் முடிதுறப்பு என்னும் பேச்சுக்கே பொருளில்லை. ஆனால் அவர் ஒரு கணமேனும் மேடைக்கு வருவதில்லை. அவர் அரசியலிலே நாட்டமில்லாத அறிவாளி என்று தந்தை சொல்ல, அவர் வாணிகத்திற் கழுத்தளவு மூழ்கியவர் என்று மந்திரி ஒருவர் மறுக்கிறார், அவ்வளவுதான். வழியுரிமையை நியாயப்படுத்தும் நாடகத்திலே வழித்தோன்றலுக்கு இடமில்லை! முதிர்ந்த அரசரைக் காட்டி முடியரசைப் புகழ்வது எளிது. முடியரசு என்பது அரசர் மட்டுமன்று. அவருக்குப் பின் யாரோ ஒருவர், எத்தகையவராயினும், வந்தே தீர்வார் என்னும் நியதியுமாகும். அந்நியதியின் முகத்தை ஷா நமக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் வண்டி வேறு பக்கமாகக் கவிழ்ந்திருக்கும்.

ஏனெனில் அக்காலத்து அரியணைகளை நோக்கின், அவற்றிலே அமர்ந்திருந்தவர்களுட் பலர் சிறுவர். ரூமேனியாவின் மிக்கேல் 1927 இல் அரசரானபோது அவருக்கு வயது ஐந்து. யூகோசிலாவியாவின் அலெக்சாந்தர் மன்னர் 1934 இல் மார்செய் நகரிலே கொலையுண்டபோது அவர் மகன் பீற்றருக்கு வயது 11. எகிப்தின் பாரூக் 1936 இல் 16 வயதில் அரசரானார். ஈராக்கின் இரண்டாம் பைசால் 1939 இல் முடிபெற்றபோது நான்கு வயதுகூட நிறையவில்லை. இச்சிறுவர்களின் பின்னே காப்பாளர்களும் சிற்றப்பன்மாரும் சேனாதிபதிகளும் நின்று ஆண்டனர். அனுபவத்தின் உறைவிடம் என்று மக்னஸ் புகழ்ந்த பதவி, அடிக்கடி அனுபவமே இல்லாதோரின் கையிற் சிக்கியது. ரூமேனியாவில் நிகழ்ந்தது ஷாவின் கற்பனையையும் விஞ்சியது. ஒரு பெண்ணின் பொருட்டு 1925 இல் வழியுரிமையைத் துறந்து சென்ற கரோல், 1930 இல் திரும்பிவந்து தம் மகனிடமிருந்தே முடியைப் பெற்றுக்கொண்டார். மகனுக்குப் பின் தந்தை! எட்டு வயதிலே முன்னாள் அரசரான மிக்கேல் 1940 இல் தந்தை ஓடிப்போக மறுபடியும் அரசரானார்.

இவற்றையெல்லாம்விட மக்னஸின் கதைக்கு நெருங்கியது சயாம் நாட்டுச் செய்தி. ஷாவின் திறனாய்வாளர் இதனைப் பெரிதாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1932 புரட்சியின் பின் யாப்புக்குட்பட்ட மன்னரான பிரஜாதிபோக், தம் அதிகாரங்கள் பற்றி மந்திரிசபையோடு முரண்பட்டார். அவரும் மக்னஸைப் போலவே கல்வியும் பண்பும் உடையவர், நாற்பதைக் கடந்தவர். அவரும் பதவி துறப்பேன் என்று அறிவித்தார். சயாமியப் புரோட்டியஸ்கள் தாளைக் கிழிக்கவில்லை. 1935 மார்ச் 2 ஆம் திகதி, இங்கிலாந்தில் இருந்தபடியே, அவர் முடி துறந்தார். குடிமக்கள் அனைவருக்கும் அதிகாரத்தைக் கொடுக்கத் தமக்குச் சம்மதம், ஒரு குழுவினருக்குக் கொடுக்கச் சம்மதமில்லை என்னும் கருத்தை அவர் தம் துறப்புரையில் எழுதியிருந்தார். மக்னஸே எழுதியிருக்கக்கூடிய வாக்கியம். விளைவு என்ன? சுவிற்சர்லாந்திலே பள்ளியிற் படித்துக்கொண்டிருந்த ஒன்பது வயதுச் சிறுவரான ஆனந்த மஹிதோலை மந்திரிசபை அரசராக்கிக்கொண்டது. பேசும் அரசரைவிடப் பள்ளிச் சிறுவரே அவர்கட்கு உவப்பானார். தேர்தலிலே நிற்கும் அரசருக்குப் புரோட்டியஸ் அஞ்சியது மேடையில்; வெளியே அஞ்சியவர் எவருமில்லை.

அடுத்த ஆண்டு அந்தப் பாடம் இங்கிலாந்துக்கே வந்தது. 1936 ஜனவரி 20 ஆம் திகதி நள்ளிரவுக்குச் சற்றுமுன் ஐந்தாம் ஜோர்ஜ் மறைந்தார். அம்மரணத்தைப் பற்றி ஐம்பதாண்டுகளுக்குப் பின், 1986 இல், ஒரு செய்தி வெளியாயிற்று. அரச வைத்தியர் டோசன் பிரபு மன்னரின் இறுதியை ஊசிமருந்தினால் விரைவுபடுத்தினார் என்றும், மரணச் செய்தி மாலைப் பத்திரிகைகளில் அன்றி 'ரைம்ஸ்' முதலான காலைப் பத்திரிகைகளிலே முதலில் வருதல் தகும் என்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்றென்றும் அவருடைய குறிப்பிலேயே காணப்பட்டது. அரசு கைமாறும் நாழிகையைச் சோதிடர் குறித்த காலம் போய்ப் பத்திரிகையின் அச்சுவேளை குறித்த காலம் வந்தது! ஷா இதனை அறிந்திருப்பின் ஒரு நாடகமே எழுதியிருப்பார்.

பின்னர் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. இரு முறை மணவிலக்குப் பெறும் நிலையிலிருந்த அமெரிக்கராகிய சிம்ஸன் அம்மையாரை மணக்க எட்டாம் எட்வேட் விரும்பினார். பிரித்தானியப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் வாய்மூடியிருந்து, டிசெம்பர் 3 ஆம் திகதி ஒரே நாளில் வாய்திறந்தன. 69 வயதினராகிய பிரதம மந்திரி போல்ட்வின் அசையவில்லை. டிசெம்பர் 10 ஆம் திகதி மன்னர் துறப்புப் பத்திரத்திற் கைச்சாத்திட்டார். மறுநாள் அது சட்டமாயிற்று. அந்த வாரங்களிலே மக்னஸை நினையாத ஷா வாசகர் இருந்திரார். ஷாவும் நினைத்தார். டிசெம்பர் முதல் வாரத்தில் 'ஈவினிங் ஸ்ராண்டட்' பத்திரிகையில் அவர் ஒரு கற்பனை உரையாடலை எழுதினார். அதிலே அரசர் பிரதம மந்திரியையும் தலைமைக் குருவையும் தருக்கத்தால் மடக்கி வெற்றியடைகிறார். உண்மை அரசர் அதற்குச் சில நாட்களுள் கப்பலேறினார். தாம் படைத்த பாத்திரத்தின் வலிமையைத் தாமே நம்பிவிட்ட நாடகாசிரியரின் நிலை இரங்கத்தக்கது.

ஈண்டு நாடகத்தின் இடைக்காட்சியை நோக்குதல் வேண்டும். திறனாய்வாளர் பலர் இதனைக் கதையோடு ஒட்டாத தொங்கல் என்று ஒதுக்குவர். நடிகை பற்றிக் காம்பெல் அம்மையாரோடு ஷாவுக்கிருந்த நட்பின் நிழல் என்று கூறி அப்பால் நகர்வர். நானோ, நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். மக்னஸின் காதற்கிழத்தியாகிய ஓரிந்தியா பேரழகி. அரசியாகிய ஜெமைமாவை விலக்கிவிட்டுத் தன்னை அரசியாக்கும்படி வற்புறுத்துகிறாள். அரசியாதற்கென்றே பிறந்தவள் தான் என்கிறாள். மக்னஸ் மறுக்கிறார். மனைவியோடு தேநீர் அருந்தும் வேளையாகிவிட்டது என்று புறப்பட முயல, அவள் தடுக்க, இருவரும் தரையிலே புரண்டு மல்லுக்கட்டுகின்றனர். அந்நேரம் செயலாளர் உள்ளே வருகிறார். 1936 இன் கதை இங்கே தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. ஷாவின் அரசர் பெண்ணுக்காக முடியை விடார். அரசியலுக்காக விடத் துணிவார். எட்வேட்டோ அரசியலுக்காக ஒரு விரலையும் அசைக்கவில்லை. பெண்ணுக்காக முடியை விட்டார். அரசர்க்கும் ஆசை உண்டு என்பதை ஷா அறிவார். ஆயின் அதனை ஓர் இடைக்காட்சிக்குள் அடைத்துப் பூட்டிவிட்டு, அறிவினாலேயே ஆளும் ஓர் உயிரை மற்றைய இரண்டு அங்கங்களிலும் உலவ விட்டார். பூட்டிய கதவை 1936 திறந்தது.

தமிழ் மரபிலே பயின்ற நமக்கு ஒரு வேறுபாடு புலப்படாமற் போகாது. கம்பனின் தயரதன், காதருகே ஒரு நரைமயிரைக் கண்டவுடன் அரசை மகனுக்கு ஈந்து தவத்துக்குச் செல்ல நினைக்கிறான். அங்கே முடிதுறத்தல் முதுமையின் கடன்; இங்கே மக்னஸுக்கு அது படைக்கலம்; எட்வேட்டுக்கு விலை. இன்னொரு கதை இதனினும் பொருத்தமானது. இளையோனாகிய கரிகாலனிடம் வழக்குரைக்க வந்த முதியோர், இவன் வயதிற் சிறியன், இவனால் நீதி காண இயலுமோ என ஐயுற்றனர். அதை உணர்ந்த அவன், நரைமுடி அணிந்து முதியவன் வேடத்தில் வந்து தீர்ப்புக் கூறினான் என்று பழமொழி நானூறு குறிக்கும். நரை, வேடமாக அணியக்கூடியது என்பதை அக்கதை அறிந்திருக்கிறது. நீதி நரைக்குள் இருக்கவில்லை. ஷா அந்நரையையே நீதியெனக் கொண்டார். ஹிண்டன்பேர்க்குக்கு வாக்களித்தோரும் அவ்வாறே கொண்டனர்.

இத்தவறு நாடகத்தோடு நின்றிருப்பின் நாம் வாளாவிருக்கலாம். நிற்கவில்லை. கூச்சலிடும் மந்திரிசபைகளின்மீது ஷா கொண்ட வெறுப்பு, ஒருவரே நின்று செயல் முடிக்கும் ஆட்சிமீது மோகமாக மாறியது. 1927 இலேயே முசோலினிக்குப் பரிந்து எழுதினார். 1931 இல் ரஷ்யாவுக்குச் சென்று தம் 75 ஆவது பிறந்தநாளை மொஸ்கோவிலே கொண்டாடி, ஸ்ராலினைக் கண்டு மகிழ்ந்து திரும்பினார். மக்னஸ் பண்பாளர், ஆகையால் நாம் அவரை விரும்புகிறோம். அவருடைய வாதத்தையோ பண்பில்லாதவரும் எடுத்தாளலாம். வாக்குக் கேட்டு வராதவரே நாட்டின் நிலையான நலத்தைக் காண்பார் என்பது நாற்பது வயதுக் கனவான் சொல்லும்போது இனிக்கிறது. அதே சொல்லை ரோமிலும் மொஸ்கோவிலும் கேட்டவர்கள் அதற்குக் கொடுத்த விலை வேறு.

எட்வேட்டின் துறப்புக்குப் பின் அரசரானவர் அவருடைய தம்பி ஆறாம் ஜோர்ஜ். 41 வயது நிறைய மூன்று நாட்களே இருந்தன. திக்குவாய் உடையவர், மக்னஸைப் போல உரையாற்ற அவரால் ஒருநாளும் இயலாது. அடுத்த உரிமையாளரோ பத்து வயதுச் சிறுமி எலிசபெத். ஆகவே 1937 இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, 18 வயது நிரம்பாதவர் முடிபெறின் காப்பாளர் ஒருவர் ஆட்சிப் பணிகளை ஆற்றல் வேண்டும் என விதித்தது. இச்சட்டத்தின்படி, 18 வயதில் ஒருவர் நாட்டை ஆளலாம். அதே நாட்டிலே ஒரு பாராளுமன்ற உறுப்பினரைத் தெரிவதற்கு 21 வயது ஆகவேண்டும். ஷாவின் பேனாவுக்கு எத்துணை இனிய தீனி! அவர் இதனைத் தொடவில்லை. பேசாத அரசரும் வாக்குரிமை வயதெய்தாத வாரிசும் அவருடைய நாடகத்துக்கு ஆகாதவர்கள். உண்மையில் அப்பேசாத அரசரோடுதான் முடியரசு நிலைத்தது. புரோட்டியஸ் கேட்ட நிபந்தனைகள் யாவற்றையும் ஆறாம் ஜோர்ஜ் கேளாமலே நிறைவேற்றினார்.

இவ்வளவு கூறியபின், நாடகத்தின் ஒரு பகுதியை மட்டும் குறை கூறாது விடுகின்றேன். மந்திரிகளுள் தன் தொழிலை உண்மையாக அறிந்த ஒருத்தி உண்டு. மின்வலுத் துறைக்குப் பொறுப்பான லிசிஸ்திராதா. (இங்கிலாந்தின் முதற் பெண் மந்திரியாகிய மார்கரெட் பொண்ட்பீல்ட் பதவியேற்றது 1929 ஜூன் மாதம், ஷா அதற்கு முன்பே இரண்டு பெண்களை மந்திரிசபையிலே அமர்த்திவிட்டார்.) அவள் தன் துறையில் எதனைச் செய்ய முனைந்தாலும் தடுக்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றி உள்ளம் கொதித்துப் பேசுகிறாள். 'உடைவு லிமிட்டெட்' என்பது அதன் பெயர். உடைந்தவற்றைப் பழுதுபார்ப்பதிலே இலாபம் காணும் அக்கொம்பனி, உடையாத பொருளைக் கண்டுபிடிப்பவரின் கண்டுபிடிப்பை விலைக்கு வாங்கிப் புதைத்துவிடும். பத்திரிகைகளும் அதன் கையில், மந்திரிகளும் அதன் கையில். போராட்டம் அரசருக்கும் மக்களாட்சிக்கும் இடையிலன்று, இவ்விரண்டையும் விழுங்கும் பணத்துக்கும் இவ்விரண்டுக்கும் இடையிலேயே என்று ஷா முன்னுரையில் எழுதியதற்கு நாடகத்தில் உள்ள சான்று இவ்வொரு பாத்திரத்தின் பேச்சே. அரசரும் அவளுக்கு உதவ முடியாதவராகவே நிற்கிறார்.

ஷா நெடுவாழ்வைத் தேடினார். முந்நூறாண்டு மனிதனிடத்தும் அழியாத அரியணையிடத்தும் தேடினார். தாம் தேடிய பொருளைத் தம் நாடகத்தின் இன்னொரு மூலையிலே தாமே வைத்துவிட்டதை அவர் உணர்ந்தாரோ என்பது ஐயமே. அரசர் மூப்படைவார், இளவரசர் காதல் வயப்படுவார், காப்பாளர் வஞ்சிப்பார். கூட்டிணைக்கப்பட்ட கொம்பனிக்கோ சட்டமே முடிவில்லாத வழியுரிமையை வழங்கியிருக்கிறது. அந்நாடகத்திலே நரை எய்தாததும், வாரிசு தேவைப்படாததும், முடி துறக்க அவசியமில்லாததும் 'உடைவு லிமிட்டெட்' ஒன்றே. அதுவும் மேடைக்கு வருவதில்லை.